மடிப்பக்காவின் முடிவுக்கோடு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘மடிப்பக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அப்போது எனக்குக் கொழுப்பு அதிகம்.

ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கை காலி என்று காட்டும் புரோகிராம்தான் எங்கள் வேலை. பன்னிரண்டாயிரம் வரி, ஒரே ஃபைல். திறந்தாலே தலை சுற்றும். அக்கா, நாங்கள் புரோகிராம் டைப் செய்யும் எடிட்டர் மென்பொருளுக்குள் புகுந்து தானே ஒரு விதி எழுதினார். மூன்று நட்சத்திரம் போட்ட வரியில் மடிப்பு ஆரம்பம், மூன்று கோடு போட்ட வரியில் முடிவு. நடுவில் இருப்பதெல்லாம் சுருங்கி ஒரே வரித் தலைப்பாக நிற்கும். அந்தத் தலைப்புகளைப் படிக்கவே நான் ஃபைலைத் திறப்பேன். ‘பிரசவ வார்டு, கை வைக்காதே.’ ‘இது ஏன் ஓடுதுன்னு கடவுளுக்கே தெரியாது.’ அப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த நாட்கள் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை. அக்காவின் தங்கைக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் பெண், அவளுக்கு எல்லாமே அக்காதான். வாரம் முழுக்க எழுதியதை மதியம் ஒப்படைத்துவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். பெட்டியோடுதான் வேலைக்கே வந்திருந்தார்.

காலையில் நான் ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, வெறும் கோடு போட்ட ஒரு வரியைத் தண்டம் என்று நினைத்து அழித்தேன். அந்த வாரம்தான் அக்கா புதிதாக ஒரு மடிப்பு போட்டிருந்தார்: ‘பழைய குப்பை, யாராவது தூக்குங்கப்பா.’ நான் அழித்தது அதன் முடிவுக்கோடு. அவர் சாப்பிடப் போனபோது குப்பையையும் தூக்கினேன். ஒரே வரிதானே! சேமித்து மூடிவிட்டேன். முடிவு இல்லாததால் அந்த மடிப்பு ஃபைலின் கடைசி வரை விழுங்கியிருந்தது. கீழே வேறு தலைப்பே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த அக்காவின் ஒரு வார வேலை அதோடு போயிற்று. பேக்கப் என்று எடுத்துவைக்கும் நகலும் முந்தின சனிக்கிழமையோடு நின்றிருந்தது.

மேனேஜர் வந்து நின்றார். யார் செய்தது என்று கேட்டார். குப்பையைத் தூக்கியது நான்தான் என்றேன். குப்பை மட்டும் போகாமல் அதற்குக் கீழே இருந்ததெல்லாம் போயிருந்ததை அக்கா திரையில் பார்த்தார்.

“அப்ப நான்தான் முடிவுக்கோடு போட மறந்திருக்கேன் சார். இவர் மேல தப்பில்ல.”

கோட்டை அழித்ததும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன்.

திரும்ப எழுத இரண்டு நாள் ஆயிற்று. ரயில் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே தங்கைக்குப் பெண் குழந்தை. அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அழுதபடியே டைப் செய்தார்.

போன மாதம் பழைய ஆட்கள் எல்லாம் கூடினோம். அப்போது பிறந்த தங்கை மகளையும் அக்கா கூட்டி வந்திருந்தார். இப்போது கல்லூரி போகிறாள். அவள் தோளில் கை போட்டு, அக்கா வழக்கம்போல் தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

“ஒரு கோடு போட மறந்தா என்ன ஆகும் தெரியுமா? நீ பொறந்தப்போ பெரியம்மா பக்கத்துல இருக்க மாட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பாவி.