வாய் திறக்காத சுக்கு வியாபாரி

மட்டாஞ்சேரியில் சுக்கு விற்கிறவன் நாவல் எழுதினால் தெருவே சிரிக்கும். சிரித்தது. அதற்கு ஒரு ஏஜெண்டும் உண்டு என்றதும் பக்கத்துக் கடைச் சேட்டன் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "புஸ்தகத்துக்கும் தரகரா?" என்று கேட்டார். ஆமாம், தரகர்தான். சென்னையில் இருக்கிற ஒரு பெண். என் நாவலை முழுக்கப் படித்த முதல் ஆள். பதிப்பகங்களிடம் அவரே பேசி முடித்துத் தருவார், நடுவில் நான் யாரிடமும் போகக் கூடாது என்பது ஏற்பாடு.

கடை அத்தா விட்டுப்போனது. வீட்டைத் தாங்குவது மனைவி. நானாக உண்டாக்கியது அந்த நாவல் ஒன்றுதான். அது வெளிவராமல் போனால் என்ன ஆவேன் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். ஒரு பதிப்பகத்துக்கு நாவல் பிடித்திருக்கிறது. கதாநாயகன் தென்காசிக்குத் திரும்பிப்போகும் கடைசிப் பகுதி மட்டும் வேண்டாம் என்கிறார்கள். கதை மட்டாஞ்சேரியிலேயே முடியட்டுமாம். "யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு அந்தப் பகுதியை வெட்டி எறிந்தேன். வெட்டியபின் நாவல் நன்றாகவே இருந்தது, சனியன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் தரகர் ஒரு விலை சொன்னதும் தலையாட்டுகிறவனின் சரக்கு மட்டம் என்று அர்த்தம். சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தரகர் போவார், இன்னும் நல்ல விலையோடு திரும்பி வருவார். வராத தரகரை நான் கண்டதில்லை.

இவர் வரவில்லை. மழை பிடித்தது, சுக்கு மூட்டைகளை உள்ளே இழுத்துப்போட்டோம், மழை விட்டது. ஜும்ஆவுக்குப் போனாலும் மனசு சட்டைப்பையில் கிடந்த போனிலேயே இருந்தது. சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

"மச்சான், நீங்களே ஒருக்கா விளிச்சுச் சொல்லிட்டா என்னா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. அவங்களே விளிப்பாங்க."

"விளிக்கலேன்னா?"

மறுநாள் கடையின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு நானே அழைத்தேன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையா, மாத்த விருப்பமில்லைன்னு நினைச்சேன் சார்" என்றார். "எழுதறவங்களை வற்புறுத்தறது எனக்குப் பிடிக்காது. அதான் விட்டுட்டேன். அவங்க வேற நாவலை எடுத்துட்டாங்க."

"மாத்தி வெச்சிருக்கேன் மேடம்."

"எப்ப மாத்தினீங்க?"

"நீங்க சொன்ன அன்னிக்கே."

மறுமுனையில் பேச்சில்லை. எங்கள் தெருவாக இருந்தால் இன்னும் நல்ல விலை வரப்போகிறது என்று அர்த்தம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அப்போதும் நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

"ஐயோ சார்" என்றார் அவர்.