கல் விழுங்கிய கிடங்கு

புத்தூரில் நாங்கள் இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கைக்குத் தார் போட்டுப் பல வருடங்களாகிவிட்டன. மாரியில் வெள்ளம் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கும். தார் வெடிக்கும், வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும், பிறகு அந்த இடம் பள்ளம் விழுந்து கிடங்காகிவிடும். எங்கள் வீட்டு வாசல் படலைக்கு நேரே இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்குள் ஸ்கூட்டியோடு விழுந்து கை முறிந்த நாளிலிருந்து, அந்த இடம் வந்தாலே இறங்கி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுதான் போவேன்.

முழு ஒழுங்கைக்கும் புதிதாகத் தார்க் காபெட் போட இப்போதைக்கு வழியில்லை என்று பிரதேச சபையில் சொல்லிவிட்டார்கள். கிடங்குகளை மட்டும் ஒழுங்காக வெட்டி அடைத்து, ஓரத்து வாய்க்காலையும் துப்புரவாக்கினால் இன்னும் சில மாரி தாங்கும் என்றார்கள். தாரும் கல்லும் ரோலரும் அவர்கள் தருவார்கள், வேலை நாங்கள் செய்ய வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை ஒழுங்கைச் சனம் முழுவதும் இறங்கியது. எதிர்வீட்டு அண்ணை வீதி வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொன்னபடி, உறுதியான விளிம்பு வரும்வரை உடைந்த தாரைச் சதுரமாக வெட்டினோம். சேற்றை அள்ளிவிட்டுக் கல்லும் கிறவல் மண்ணும் கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்து இறுக்கினோம். தார் அதற்குப் பிறகுதான்.

எங்கள் படலைக் கிடங்கு மட்டும் வசப்படவில்லை. இடிக்க இடிக்கக் கல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“போன மாரிக்கும் இதுக்குள்ளை கல்லு கொட்டினனாங்கள். எல்லாம் எங்கை போனது?” என்று கேட்டேன்.

“வாகனம் ஓடி அள்ளுப்பட்டிருக்கும்,” என்றார் கணவர்.

நான் கட்டையை வாங்கி ஒருதரம் இடித்தேன். மற்றக் கிடங்குகளில் தொப்பென்று மந்தமான சத்தம்தான் வந்தது. இங்கே வெறுமையான தண்ணீர்த் தாங்கியைத் தட்டியதுபோல் கீழே எங்கோ முழங்கியது. உள்ளங்கால் கூசியது. அந்த நேரம் பார்த்து ரோலர் எங்கள் பக்கம் திரும்பியது.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ! இதுக்கு மேலை ஏத்தாதேங்கோ!”

“ஏத்தினால்தானே தங்கச்சி இறுகும்?” என்றார் ரோலர்காரர்.

“கீழை ஒண்டும் இல்லை அண்ணை. சத்தம் வேறை மாதிரிக் கேக்குது.”

யாரோ சிரித்தார்கள். “உமக்கு விழுந்த பயம் இன்னும் போகேல்லை, தள்ளி நில்லும்,” என்று கணவர் மெல்லச் சொன்னார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ரோலருக்கு முன்னாலிருந்து அசையவில்லை.

எதிர்வீட்டு அண்ணை சிரிக்கவில்லை. “ஒருக்கா அலவாங்காலை குத்திப் பாப்பம்,” என்றார்.

கணவர் ஆளுயர இரும்பு அலவாங்கை ஓங்கிக் குத்தினார். முதல் குத்தைக் கல் தடுத்தது. அடுத்த குத்தில் அந்தக் கனத்த இரும்பு அவருடைய கையை விட்டு வழுக்கி, முழுவதுமாக உள்ளே போய்விட்டது. சற்றுப் பொறுத்துக் கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவர் நின்ற விளிம்பு மெல்ல இறங்கத் தொடங்கியது. அவரது சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மதிலோரம் போய் விழுந்தோம். நாங்கள் போட்ட கல் முழுவதும் ஒரேயடியாக உள்ளே போக, நடு ஒழுங்கையில் கிணறுபோல ஒரு வாய் திறந்தது.

ரோலர்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு இறங்கி நிலத்தில் குந்தினார். “எனக்கு மூண்டு பெம்பிளைப் பிள்ளையள்,” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். காலம் காலமாகத் தண்ணீர் அதை உள்ளே கரைத்து வைத்திருக்கிறது. தேங்கிய வெள்ளம் வெடிப்பு வழியே இறங்கி மேலே இருந்த மண்ணையும் கொண்டுபோயிருக்கிறது என்று, பிறகு வந்து பார்த்த பொறியியலாளர் விளங்கப்படுத்தினார். சபை ஆட்கள் அந்த வாயைப் பெரிய கற்களால் அடைத்து, மேலே கம்பி கட்டிக் கொங்கிறீற் போட்டார்கள். மற்றக் கிடங்குகளில் நாங்கள் போட்ட ஒட்டு இந்த மாரியிலும் பெயரவில்லை.

“வீட்டுக்குக் கீழையும் இப்பிடி இருக்குமோ, தம்பி?” என்று அந்தப் பொறியியலாளரைக் கேட்டேன்.

“இராது எண்டுதான் நினைக்கிறன் அக்கா. தண்ணியை மட்டும் தேங்க விடாதேங்கோ.”

அவர் உறுதியாகச் சொல்லியிருந்தால் நித்திரை வந்திருக்கும். இப்போது மழை இருட்டினாலே குடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விடுவேன். கணவர் முன்புபோலப் பகிடி பண்ணுவதில்லை. போன கிழமை நான் போவதற்கு முன்பே, மண்வெட்டியோடு நனைந்தபடி அங்கே நின்று குப்பையை இழுத்துக்கொண்டிருந்தார்.