எலாஸ்டிக் கட்டிய எலுமிச்சை

குன்னத்தூரில் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவர் குருசாமி. திருப்பூரில் சொந்தமாக எலாஸ்டிக் தறி போட்டு நிமிர்ந்தார். ஜட்டிப் பட்டியின் மேலேயே தன் பெயரை நெய்ய வைத்த ஆள். "எம்பட பேரு இல்லாத இடுப்பு இந்த ஊர்ல ஏதுங்க?" என்பார்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மனைவி நல்லம்மாள் பெங்களூர் கிளம்பினாள். போகும்போது புழக்கடை எலுமிச்சையைக் காட்டினாள். மதில் பக்கக் கொப்பு பிஞ்சுப் பாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கவைக்குச்சி வெட்டி முட்டுக் குடுங்க. இந்தக் கொப்புக் காய் பூராவும் பக்கத்தூட்டு ஷைமா கல்யாணத்து ஊறுகாய்க்குன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

குருசாமியாவது குச்சி வெட்டுவதாவது! தன் எலாஸ்டிக்கையே நாலு சுற்று இழுத்து, கொப்பை மரத்தோடு இறுக்கிக் கட்டினார். "கொப்பு பெருக்கப் பெருக்க இதுவும் விரியும். எந்த விவசாயிக்குங்க இந்த மூளை?" என்று வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

காய் திரளும் சமயத்தில் அந்தக் கொப்பில் மட்டும் இலை பழுத்துக் கொட்டியது. காய்கள் சுருங்கி உதிர்ந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் ஷைமாவின் அம்மா ரஹ்மத்துன்னிசா துணி துவைத்துக்கொண்டிருந்தார். குருசாமிக்கு அது போதும்.

"ஏம்மா, உங்க சோப்புத் தண்ணி வேருக்கு எறங்கி எங்க மரத்தையே கொன்னு போட்டுச்சு!" வீதியே கேட்டது.

"இல்லீங்கண்ணா, தண்ணி எங்க கறிவேப்பிலைக்குத்தான் போகுது. அது நல்லாத்தானுங்களே இருக்குது?"

"எனக்கே பாடம் சொல்றீங்களா?"

அந்த அம்மா மறுநாளிலிருந்து துவைத்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து வீதிச் சாக்கடையில் ஊற்றினார். குருசாமி அதை ஜெயித்த கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நல்லம்மாள் திரும்பினாள். பையை வைத்ததும் நேரே மரத்தடிக்குப் போனாள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

கொப்பின் கழுத்தில் எலாஸ்டிக் புதைந்து, இரண்டு பக்கமும் பட்டை வீங்கியிருந்தது. கத்தி முனையால் நெம்பி இழுத்தாள். பச்சைப்பட்டை உரிந்து, கறை படிந்த நாடா வெளியே வந்தது. அதில் அவர் பெயர் ஓரெழுத்துக் குறையாமல் இருந்தது.

"சோப்புத் தண்ணின்னு போன்ல சொன்னீங்களே?"

மதிலுக்கு அப்பால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. குருசாமி மற்றக் கொப்புகளில் தேறிய காய்களைத் துண்டில் முடிந்துகொண்டு வீதி வழியாகப் போனார். வாளியோடு எதிரே வந்தார் ரஹ்மத்துன்னிசா.

"எங்க எலாஸ்டிக் பாருங்கம்மா, அத்தன ஸ்ட்ராங்கு..." பழக்கம் முந்திக்கொண்டது. தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. பாதியில் நிறுத்தினார்.

"கொப்பைக் கொன்னது நாந்தாம்மா. உங்க தண்ணியில்ல."

வீதியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்குக் கத்தியபோதும் அவர்களேதான். குருசாமி குனிந்து அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, கறிவேப்பிலை மரத்தைத் தேடி அந்த அம்மா வீட்டுப் புழக்கடைக்கு நடந்தார்.