ஏழாம் நம்பர் ரெகுலேட்டர்

கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துவரும் கம்பெனி அது. அவளுக்கு அங்கே கரையில்தான் வேலை. முக்குளிப்பவர்களுக்கு மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர்களைப் பழுது பார்ப்பாள். நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில்கூட நின்றதில்லை. இந்த வேலைக்கு முன் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர்களின் வால்வுகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் முக்குளிப்பவனாக இருந்த கணவனின் தம்பி சொல்லித்தான் இங்கே சேர்ந்தாள். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சூப்பர்வைசருக்கும் அவள் அண்ணிதான்.

அண்ணி கெட்டிக்காரி என்று கம்பெனியில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. அவளைவிட வேகமாகக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பொருள் தன் குறையைத் தானே சொல்லும்வரை அதைத் தொந்தரவு செய்யாமல் எதிரே உட்கார்ந்திருக்க அவளால் முடிந்தது. அவ்வளவுதான். அது எத்தனை பேரால் முடியும் என்பது வேறு விஷயம்.

அந்த மாதம் கொழுந்தன் இரண்டு முறை வேலையைப் பாதியில் விட்டு மேலே வந்துவிட்டான். கீழே ஏழெட்டு மீட்டரில் கப்பலின் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாயில் கடித்திருக்கும் பகுதியிலிருந்து காற்று தானாகக் கொட்டுகிறது என்றான். மேலே வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் வாய்ப்பகுதிக்குள் இருக்கும் ரப்பர் வில்லையை இரண்டு முறையும் மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல் திருகை இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கியும் விட்டார். பிறகு அந்த ஏழாம் நம்பர் ரெகுலேட்டரைத் தானே வாயில் வைத்துச் சோதனைத் தொட்டியில் பத்து நிமிடம் மூழ்கிக் கிடந்தார். ஒரு குமிழிகூட வீணாகவில்லை.

"மெஷின்ல ஒண்ணுமில்லப்பா. ஒம்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்தவனுக்கும் ஒரு நாள் பயம் வரும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா பயந்தவனைக் கீழ அனுப்புறது என் தப்பாயிடும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. பலகையில் அவன் பெயரைத் தண்ணீர் வேலைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு, கரை வேலையின் கீழ் எழுதினார். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கடிதம் போகும். போனால் அவனுடைய முக்குளிப்பு அட்டை ரத்தாகும்.

வியாழக்கிழமை காலை வீட்டில் அவன் தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

"கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல ஏறுறவன்தானேடா நீ. கடல்ல மட்டும் எப்படித்தான் இறங்குறியோன்னு நானே நெனைச்சிருக்கேன்" என்றான் அண்ணன், சிரிக்கவைக்கலாம் என்று. தம்பி சிரிக்கவில்லை.

"ஏங்க, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்றாள் அவள்.

"இல்ல அண்ணி, எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. காத்து கொட்டுதேன்னு பதறி, வேகவேகமா மூச்சு இழுத்தா உடனே நின்னுடுது. மெஷின் கெட்டிருந்தா அப்படி நிக்குமா? எனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு."

வேலை போவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னையே நம்பாமல் போனதைப் பற்றித்தான் பேசினான். அவளுக்கு அதுதான் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் வேறொன்றும் இருந்தது. வேகமாக மூச்சு இழுத்தால் நிற்கிறது. அதை அவள் மனதில் போட்டுக்கொண்டாள்.

காற்றழுத்த மெஷினுக்குப் பின்னால் இருந்தது அவளுடைய அறை. இரண்டு மேசை, ஒரு வெள்ளைத் தட்டு, எப்போதும் ரப்பர் வாடை. ஏழாம் நம்பரை, காற்று நிறைந்த ஒரு சிலிண்டரில் மாட்டினாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா அதை விடலை? இங்க பாருங்க." வாய்ப்பகுதியின் நடுவில் இருந்த பொத்தானை மூன்று முறை அமுக்கினார். புஸ், புஸ், புஸ். "நின்னுடுச்சா? அவ்வளவுதான்."

"அதை விட்டுட்டு நகருங்க சார். யாரும் தொடாதீங்க."

ரெகுலேட்டருக்கு இரண்டு பகுதி. சிலிண்டரின் கழுத்தில் மாட்டும் தலைப்பகுதி, உள்ளே இருக்கும் பெரிய அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தும். அந்தக் காற்று குழாய் வழியாக வாய்ப்பகுதிக்கு வரும். அண்ணி இன்னொரு குழாயின் முனையில் ஓர் அழுத்தமானியை மாட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முள் ஒன்பதரையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பத்து. பத்தரை. கடிகாரத்தில் பத்தாவது நொடி ஆனபோது பதினொன்றைத் தாண்டியது. வாய்ப்பகுதி தானாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஊதத் தொடங்கியது.

சூப்பர்வைசரின் கை பொத்தானை நோக்கிப் போனது. அமுக்கியதும் முள் ஒன்பதரைக்கு இறங்கியது, ஊதலும் நின்றது.

"நின்னுடுச்சே!"

"நீங்க தட்டி எழுப்பினதும் நல்ல பிள்ளையா உக்காந்துக்குது. சும்மா விட்டாத்தான் அதோட புத்தி தெரியுது. கோளாறு தலையில சார். நீங்க வாயையே நோண்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. அழுற ஆளுக்குக் கண்ணுலயா வலி?"

"அப்போ தொட்டியில எனக்கு ஏன் ஊதலை?"

அவள் கொழுந்தனைக் கூப்பிட்டாள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு நல்ல ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு வழக்கம்போல மூச்சு விடச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சூப்பர்வைசர் மூன்று நொடிக்கு ஒரு மூச்சு இழுத்தார். கொழுந்தனுக்குப் பன்னிரண்டு நொடி ஆனது.

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு மூச்சு விடுறதுலயும் அவசரம் சார். முள் ஏறுறதுக்குள்ள அடுத்த மூச்சை இழுத்துடுறீங்க, அழுத்தம் இறங்கிடுது. இவன் சாவகாசமா விடுறான், அதுக்குள்ள ஏறிடுது. இந்தக் கம்பெனியிலேயே தண்ணிக்குள்ள பதறாத ஆளுக்கு மட்டும்தான் இது ஊதும். அவனைப் போய் பயந்தவன்னு எழுதிட்டீங்க!"

கொழுந்தன் வாயிலிருந்ததை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய நிதானம்தான் கோளாறுக்குச் சாட்சி, அது இத்தனை நாள் குற்றமாகத் தெரிந்திருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தன் மூச்சே எல்லோருடைய மூச்சும் என்று அவர்கள் நினைத்ததுதான் பிசகு.

சிலிண்டரை மூடி, உள்ளிருந்த காற்றை வெளியே விட்டு, தலைப்பகுதியைக் கழற்றினாள். அதற்குள்ளும் ஒரு வில்லை உண்டு, அதுவும் புதிதுதான். அதன்மேல் வந்து அமரும் பிஸ்டனின் விளிம்பு கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டினாள். முக்கால் வட்டம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஓரிடத்தில் ஒரே ஓர் இழை மாட்டிக்கொண்டு நின்றது.

"இதோ இருக்கு" என்றாள். பூதக்கண்ணாடியில், மயிரிழையில் பாதி அகலத்துக்கு ஒரு கீறல். அதன் வழியாகத்தான் காற்று கசிந்து முள்ளை ஏற்றியிருக்கிறது.

புது பிஸ்டன் போட்டு, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றி, சூப்பர்வைசர் இறுக்கி வைத்திருந்த வாய்ப்பகுதித் திருகையும் பழைய இடத்துக்குத் தளர்த்தினாள். சிலிண்டரைத் திறந்தாள். முள் ஒன்பதரையில் நின்றது. அரை மணி நேரம் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் பொறுத்தவர் சூப்பர்வைசர்தான். பொத்தான் பக்கம் கை போகாமலிருக்க இரண்டு கைகளையும் பைக்குள் விட்டிருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் கரை வேலையின் கீழ் இருந்த பெயரை உள்ளங்கையாலேயே அழித்தார். பழைய இடத்தில், மற்றவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார்.

"தப்பு என் மேலதாம்ப்பா" என்றார், அங்கே வேலையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்கே எறங்குறியா?"

மதியம் அவன் அதே ஏழாம் நம்பரோடு இறங்கினான். அண்ணி மேடையில் நின்று குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொத்து வரும். நீண்ட இடைவெளி. பிறகு இன்னொரு கொத்து. பக்கத்தில் சூப்பர்வைசர் கடிகாரமும் கையுமாக நின்றார். ஐம்பதாவது நிமிடம் அவன் தலை ஏணிக்குப் பக்கத்தில் தெரிந்தது. காற்றழுத்தமானியைத் தூக்கிக் காட்டினான்.

"சார், இன்னும் கால்வாசிக்கு மேல இருக்கு. சுக்கான் பக்கம் ரெண்டு தகடு பாக்கி. பார்த்துட்டு வந்துடவா?"

சூப்பர்வைசர் அண்ணியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவன் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கீழே போனான்.