நான்சி பூவில் பேசிய விலை

நான்சிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாள். என் வீட்டுக்காரர் லூர்துராஜின் தங்கை, வயது இருபத்தாறு. மாமனார் இறந்ததிலிருந்து வரதராஜன்பேட்டையைச் சுற்றி முந்திரிக்காடுகளைக் குத்தகைக்குப் பிடித்து, கொட்டை உடைக்க ஆள் வைத்து, பருப்பை அரியலூர், பெரம்பலூர் ஸ்வீட் கடைகளுக்குப் போடுகிறவள் அவள்தான். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். காட்டுக்குள் போனால் எறும்பு கடிக்கிறது என்பார்.

போன ஜூனில் சென்னையில் ஒரு காலேஜில் அவளுக்கு எம்பிஏ சீட் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவள் நடந்த நடையில் எனக்குத் தலை சுற்றியது.

"ஒரு எடத்துல நில்லுடி. தரை தேயுது."

"நின்னா யோசன வரமாட்டேங்குது அண்ணி."

அவள் அண்ணன் காலேஜ் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். "பதினாலு லட்சம் சம்பளத்துல ஒரு புள்ள போயிருக்கு, போட்டோவோட போட்டுருக்கான் பாரு. லோன் போட்டா ரெண்டே வருஷத்துல அடைச்சிரலாம்."

நான்சி போட்டோவைப் பார்த்தாள். "இது பூவுல பேசுற வெலண்ணே."

எங்கள் பக்கம் தை மாதம் மரம் பூத்து நிற்கும்போதே காட்டுக்கு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். காய்ப்பதும் காய்க்காததும் எடுத்தவன் பாடு. ஒரு வாரம் மூடுபனி இறங்கினால் பூ கருகிப்போகும். அதனால் நான்சி பூவை மட்டும் பார்த்து ஒரு நாளும் பேசியதில்லை. போன வருஷம் அந்தக் காட்டை எடுத்தவனைத் தேடிப்பிடித்து, எத்தனை மூட்டை இறங்கியது என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

"அங்க படிச்சு முடிச்சவங்க யாராவது நம்ம பக்கம் இருக்காங்களாண்ணே?"

இருந்தான். எங்கள் ஊர் ஜூட், அவளோடு பள்ளியில் படித்தவன். இப்போது பெரம்பலூரில் பைக் லோன் கம்பெனியில் வேலை. மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தான் ஜூட்.

"சம்பளம் எவ்வளவு?" என்றாள் நான்சி.

"டீயாவது குடிக்க விடு."

"சொல்லிட்டுக் குடி."

"இருபத்தெட்டாயிரம். படிச்ச லோனுக்கு பதிமூணு போயிரும்."

"உங்க அம்மா எம்பதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க" என்றேன்.

"எனக்குப் பொண்ணு தேடுறாங்கல்ல அக்கா. கொறச்சா சொல்வாங்க?"

"அப்ப அந்தப் பதினாலு லட்சம்?" நான்சி விடவில்லை.

"நெசந்தான். எங்க செட்டுல ரெண்டு பேரு. ஏற்கெனவே பெரிய கம்பெனியில இருந்துட்டு படிக்க வந்தவங்க. காலேஜுல அவங்களத்தான் போட்டோ புடிப்பான். என்னயவா புடிப்பான்?"

"அப்ப படிச்சது வீணுங்கிறியா?"

ஜூட் டீயை ஆற்றினான். "வீணுன்னு சொல்லமாட்டேன். யாரு முன்னாடி நின்னாலும் இப்ப பயமில்ல, பேச வருது. ஆனா விக்கிறதுக்கு எங்கிட்ட சொந்தமா ஒண்ணுமில்ல. அதான் தவணை கட்டாதவன் பைக்க தூக்கிட்டு வரேன்."

திரும்பும்போது அரியலூர் தாண்டியும் அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு சீசனுக்கு உனக்கு ஒன்றரை லட்சம் நிக்குது. ரெண்டு சீசன் போனா மூணு. ஆகமொத்தம் பன்னெண்டு லட்சம், ஜூட்டு மாதிரி டை கட்டுறதுக்கு. விட்டுத் தள்ளுடி."

"அந்த ஸ்வீட் கடைக்காரன் அஞ்சு வருஷமா எங்கிட்ட பருப்பு வாங்குறான் அண்ணி. வெல ஏத்தணும்னா மட்டும் 'அண்ணன வரச்சொல்லும்மா'ங்கிறான். உங்க வீட்டுக்காரருக்கு முழுப்பருப்புக்கும் ஒடசலுக்கும் வித்தியாசம் தெரியுமா? பேங்க்ல கொட்ட ஒடைக்கிற மெஷினுக்கு லோன் கேட்டா அங்கயும் அண்ணன். எனக்கு எவன் சம்பளமும் வேணாம். அவனுங்க முன்னாடி உக்காந்து நானே பேசணும்."

"அதுக்கு ஒன்பது லட்சமா?"

"தெரியல அண்ணி. அதான் உக்கார முடியல."

உடையார்பாளையத்தில் பஸ் நின்றபோது சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு சீசன் காட்ட நீங்க பாத்துக்கிட்டா அந்த மூணு லட்சம் போகாதுல்ல?"

"ஏன் போகாது? எனக்குக் குடுக்கணும்ல?"

"நீங்க வூட்டு ஆளுதான அண்ணி!"

"வூட்டு ஆளுன்னா ஓசியா? லாபத்துல பாதி குடு."

"கால்."

"பாதி. இல்லன்னா உங்கண்ணன அனுப்பு காட்டுக்கு. எறும்பே தூக்கிட்டுப் போயிரும்."

அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஜெயங்கொண்டத்தில் இறங்கும்போது மூன்றில் ஒரு பங்குக்குப் பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் தவணையைக் கட்டினாள். கட்டிவிட்டு வந்த பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

இந்தத் தை மாதம் காட்டுக்கு விலை பேச நான் கிளம்பினேன். அவளிடமிருந்து ஃபோன்.

"பூ எப்படி அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாளா பனி."

"முன்பணம் குடுத்துறாதீங்க. நான் வரேன்."

"வந்து பனிய தொடச்சி விடப் போறியா? பஸ் காசு யாரு கணக்குல?"

"என் கணக்குல."

மறுநாள் விடிந்ததும் பையோடு நேராகக் காட்டுக்கே வந்து நின்றாள். கிளையை வளைத்து, பூவை உள்ளங்கையில் உதிர்த்து, கருகல் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தாள்.

"காலேஜு எப்படிடி?"

"மூட்ட எறங்கட்டும், சொல்றேன்."

காட்டுக்காரர் பெரியசாமி துண்டை உதறிக்கொண்டு வந்தார். என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அண்ணன் வரலியாம்மா?"

"அண்ணி வந்திருக்காங்க. வெல அவங்கதான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள் நான்சி.