சவரியப்பனின் மூக்கும் கரியப்பனின் பெயரும்

மைசூரில் ஊதுபத்தி செய்கிறவர்கள் நூறு பேர் இருக்கலாம், மூக்கு வைத்திருப்பவன் தான் ஒருவன்தான் என்று சவரியப்பன் சொல்லிக்கொள்வார். அதில் பொய் அதிகம் இல்லை. மார்ட்டள்ளிக் கிராமத்திலிருந்து பதினாலு வயதில், தோளில் ஒரு துண்டும் கழுத்தில் ஒரு ஜெபமாலையுமாகக் கொள்ளேகாலம் வரை நடந்து, அங்கிருந்து பார வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த ஆள் அவர். கரி இடித்தார், மூங்கில் குச்சி சீவினார், அடுத்தவன் பட்டறையில் படுத்துக் கிடந்தார். முப்பது வருஷத்தில் காந்திநகரில் சொந்தப் பட்டறை, பத்தி உருட்டப் பன்னிரண்டு பெண்கள், பத்திக் கட்டின் மேல் தன் பெயர். யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. மூக்கு கொடுத்தது.

பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதித்ததில்லை. ஊரில் உபதேசியார் ஒருவர் சாயங்காலங்களில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். கேள்வியும் பதிலுமாக அது முழுவதும் சவரியப்பனுக்குப் பாடம். "பி.ஏ. படிச்சவனுக்கு நாலே வருசத்துல எல்லாம் மறந்துபோகுது. எனக்கு நாப்பது வருசமா ஒரு வரி மறக்கலை" என்று மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லக்கூடியவர். சொல்லியும் இருக்கிறார்.

பட்டறையில் வேலை நடக்கும் விதம் இது. கரித்தூள், மட்டிப்பால் பிசின், சந்தனத்தூள், தேன் எல்லாம் சேர்த்துக் கடைசியில் சந்தன எண்ணெய் ஊற்றிப் பிசைய வேண்டும். பிசைவது கரியப்பன் வேலை. ஹனூர்ப் பக்கத்து ஆள், பதினோரு வருஷமாக உடன் இருப்பவன். பிசைந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து "ம்" என்று சொல்வது சவரியப்பன் வேலை. அந்த "ம்" வராமல் ஒரு குச்சியில் மாவு ஏறாது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் அடித்தது. சவரியப்பன் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். எழுந்த பிறகு ரசத்தில் ருசி இல்லை, குழம்பில் மணம் இல்லை. மனைவி மதலேனம்மாளின் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பட்டறைக்குப் போன முதல் நாளே மாவை எடுத்து முகர்ந்தார். தசரா வேலை தலைக்கு மேல் கிடந்த நேரம். இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

"எண்ணெய் எங்கடா?"

"ஊத்திட்டேனுங்க."

"எதுல ஊத்துன? மாவுலயா, சந்தேபேட்டைக் கடைத்தெருவுல எவன் புட்டியிலயாவதா?"

"மாதேசுவரன் மேல சத்தியமாங்க, முழுப் புட்டியும் இதுலதான் ஊத்துனேன்."

உருட்டும் பலகையிலிருந்து மல்லம்மா தலை தூக்கினாள். கன்னடம் கலந்து பேசுகிறவள், யார் வாய்க்கும் அஞ்சாதவள். "ஏனு யஜமானரே, எனக்கு இங்க வரைக்கும் சந்தனம் மணக்குதே!"

"உன்ற மூக்குக்கு என்ன தெரியும்? குனிஞ்சு உருட்டு."

அத்தோடு விட்டாரா? தன் கையாலேயே இன்னொரு புட்டி எண்ணெயை மாவில் கவிழ்த்தார். கரியப்பனைப் பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் வெளியே போகச் சொன்னார். அன்று மாலையே சந்தேபேட்டையில் கிருஷ்ணராஜ் கடைக்குப் போனார். பத்தி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் பெரிய கடை அது. பட்டறைக்காரர்கள் சாயங்காலம் கூடுகிற இடமும் அதுதான். "பதினோரு வருசம் பாலூத்தி வளத்தேன். எண்ணெயத் திருடி வித்துட்டான்" என்று எல்லோர் காதிலும் விழ அறிவித்துவிட்டு வந்தார்.

அந்தச் சரக்கு பத்து நாளில் திரும்பி வந்தது. "ஏனப்பா சவரியப்பா, உன் பத்தியைக் கொளுத்தினா பூஜை பண்ற ஐயருக்கே தலை சுத்துதாம்" என்றார் கிருஷ்ணராஜ்.

"நல்ல சரக்கைத் தாங்கறதுக்குத் தலையும் நல்லா இருக்கோணும்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார் நம்மவர். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கோவிலில். அக்டோபர் மாத ஜெபமாலை முடிந்து தேவநற்கருணை ஆசீர்வாதம் நடந்தது. தூபக் கலசம் ஆடியது, புகை பீடத்தை மூடியது. அந்தச் சாம்பிராணி சவரியப்பனின் காணிக்கை, ஆகவே முன் வரிசையில் மண்டியிட்டுப் பெருமையாக மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. இன்னும் இழுத்தார். வெறும் காற்று. ஆசீர்வாதம் முடிந்ததும், தூபத்துக்குக் கரி மூட்டும் கோவில் பணியாளான கோவில்பிள்ளையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, சாம்பிராணியை மறந்துட்டு வெறும் கரியை ஊதிட்டிருந்தியா?"

கோவில்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நல்லாருக்குண்ணே கேள்வி! நீங்க குடுத்ததை ரெண்டு கரண்டி அதிகமாவே போட்டுட்டேன். பாடுற பொண்ணுங்க இருமி இருமிப் பாட்டே பாதியில நின்னுபோச்சே, காதுல விழலையா?"

காதில் விழுந்திருந்தது.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன் பட்டறையைத் திறந்தார். கற்பூரத்தை முகர்ந்தார், பெருங்காயத்தை முகர்ந்தார், மண்ணெண்ணெயை முகர்ந்தார். கடைசியில் சந்தன எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்து மூக்கிலேயே கவிழ்த்தாற்போல் வைத்துக்கொண்டார். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்த நினைப்பு, தொழில் போயிற்று என்பது. இரண்டாவதாகத்தான் கரியப்பன் வந்தான். இந்த வரிசையைப் பிற்பாடு அவரே வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

கரியப்பன் எப்படி இருக்கிறான் என்பதை மதலேனம்மாள் சொன்னாள். எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். தீபாவளி கழிந்ததும் பெண்டாட்டி மாதேவியைக் கூட்டிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறானாம். "பதினோரு வருசத் தொழில் கையில இருக்கறவன், காப்பிக் கொட்டை பொறுக்கப் போறான்" என்றாள். சவரியப்பன் எழுந்து போனார்.

சனிக்கிழமை, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பொறுத்தல் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமியார், இந்தப் பக்கம் இவர். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு தீர்ப்பையும் தாமே சொன்னார்.

"நரகத்துல தள்ளுற சாவான பாவத்துக்கு மூணு சேரோணும் சாமி. கனமான காரியம், முழு அறிவு, முழு மனசு. எனக்கு அறிவு இல்லீங்களே. மூக்கு போனது தெரியாமத்தான சொன்னேன்? அப்ப அது பாவத்துல சேராதுங்களே."

தட்டிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "உங்க உபதேசியார் நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கார். தெரியாமச் செய்ததுக்குக் கடவுள் ஆளைப் பிடிக்கறதில்லை. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு அந்தப் பொம்பளை மணக்குதுன்னு சொன்னாளே. நின்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா?"

சவரியப்பன் தட்டியின் மூங்கிலை நகத்தால் சுரண்டினார்.

"தெரியாம இருக்கறது ஒண்ணு. தெரிஞ்சுக்க மனசில்லாம இருக்கறது வேற ஒண்ணு. சரி, அது கிடக்கட்டும். இப்ப அறிவு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"அப்ப இன்னையிலிருந்து நீங்க சும்மா இருக்கற ஒவ்வொரு நாளும் தெரிஞ்சே செய்யறது. நீங்க சொன்ன மூணும் சேர்ந்துருச்சே."

சவரியப்பன் பேரம் பேசிப் பழகியவர். "நின்ன நாள் கூலி குடுத்துடறேன் சாமி. அவன் பேருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கறேன். புது வேட்டி எடுத்துக் குடுக்கறேன்."

"நீங்க அவன்கிட்ட வேட்டியா எடுத்தீங்க? பேரை எடுத்தீங்க. பொய்ச்சாட்சி சொல்லாதேங்கற எட்டாம் கற்பனை. எடுத்ததைத்தான் திருப்பிக் குடுக்கணும். எங்க எடுத்தீங்களோ அங்கயே, யார் முன்னால எடுத்தீங்களோ அவங்க முன்னாலயே."

"மூக்கு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்ற தொழிலே போயிருமுங்க."

"போகலாம்" என்றார் சாமியார். வேறு ஆறுதல் சொல்லவில்லை. "செய்யறேன்னு வாக்குக் குடுத்தா இப்பவே பாவப்பொறுத்தல் தர்றேன்."

வாக்குக் கொடுக்க முடியவில்லை. பாவப்பொறுத்தல் இல்லாமல் எழுந்து வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் அப்படி எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இருந்தாலும் மனம் குறுக்கு வழி தேடியது. அன்று மாலையே ஒரு படி அரிசியும் புது வேட்டியும் மதலேனம்மாள் கையில் கொடுத்தனுப்பினார். போன வேகத்தில் அவள் திரும்பி வந்து இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"மாதேவி வாங்க மாட்டேன்னுட்டா. 'அவரு திருடியிருந்தா இந்த வேட்டி எதுக்குங்க? திருடலைன்னாலும் இந்த வேட்டி எதுக்குங்க?'ன்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்க எல்லோருக்கும் முன்னால் எழுகிறவர், பாவப்பொறுத்தல் இல்லாமல் வாங்கக் கூடாதென்று அன்று எழவில்லை. பின் வரிசைக்காரர்கள் அவர் எழுவார் என்று காத்திருந்து, பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு நடக்கும் வழியில் மதலேனம்மாள் கேட்டாள்: "காலையில ஏதாச்சும் வாயில போட்டுட்டீங்களா?" வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்கலாம்; வாங்காதவனுக்கு அவள் கண்ட கௌரவமான காரணம் அது ஒன்றுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல" என்றார்.

வீடு வருவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பலகைகள் போட்டதும் பன்னிரண்டு பெண்களையும் நிமிரச் சொன்னார். "கரியப்பன் எண்ணெய் ஊத்தியிருந்தான். என்ற மூக்குதான் செத்துப்போச்சு. அவன் திருடலை." அவ்வளவுதான் சொன்னார். பன்னிரண்டு பேரும் அவருடைய மூக்கையே பார்த்தார்கள்.

மார்க்கெட்டுக்குப் போய்க் கரியப்பனைக் கண்டுபிடித்தார். அவன் தலையில் மூட்டை இருந்தது. "சாயங்காலம் கிருஷ்ணராஜ் கடைக்கு வா. நான் பேசறதைக் கேக்கோணும்."

"அங்க வந்து இன்னொருக்காத் திட்டு வாங்கோணுமாங்க?"

"இந்தத் தடவை எனக்குத்தான்" என்றார்.

கடையில் பட்டறைக்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். கரியப்பன் வாசற்படிக்கு வெளியே நின்றான். சவரியப்பன் உட்காராமல் பேசினார். "கரியப்பன் திருடன்னு இந்த இடத்துல நின்னு சொன்னேன். அது பொய். காய்ச்சல்ல என்ற மூக்கு போச்சு. எண்ணெய் இருந்தும் இல்லைன்னு சொன்னவன் நான்."

ஒருவர் சிரித்தார். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கிருஷ்ணராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "கண்ணை மூடப்பா" என்று சொல்லி இரண்டு புட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக நீட்டினார். "எது மல்லிகை, எது மண்ணெண்ணெய்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க எனக்கு."

அத்தனை பேர் முன்னால் முப்பது வருஷப் பெயர் போகும்போது சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. சவரியப்பன் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் திரும்பினார். "கரியப்பா, தப்பு என்மேல. மன்னிச்சுரு. நாளைக்கு வந்துரு."

கரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளே உட்கார்ந்திருந்த இன்னொரு பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "ஏய் கரியப்பா, நாளைக்கு என் பட்டறைக்கு வர்றியா? கலவை முழுக்க உன் பொறுப்பு."

கரியப்பன் சவரியப்பனைப் பார்த்தான். பதினோரு வருஷம் பார்த்த முகம். "அங்க போறேனுங்க" என்றான். குரலில் கோபமில்லை. "உங்ககிட்ட வந்தா, மாவு பிசையறப்பெல்லாம் உங்க மூஞ்சியப் பாக்கோணும். முடியாதுங்க."

சவரியப்பன் தலையை ஆட்டினார். திருப்பிக் கொடுத்தது அவன் பெயர், அதை அவன் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நேராகக் கோவிலுக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வாசற்படி ஏறும்போதே பழைய குணம் எட்டிப்பார்த்துவிட்டது. "சந்தேபேட்டையில நடுக்கடையில நின்னு தன் பொய்யைத் தானே சொன்னவன் இதுவரைக்கும் எவனாச்சும் இருக்கானா? நான் ஒருத்தன்தான்" என்றார் மனைவியிடம்.

"அதையும் அடுத்த சனிக்கிழமை சாமியார்கிட்டச் சொல்லிருங்க" என்றாள் மதலேனம்மாள்.

மறுநாள் பட்டறையில் தானே உட்கார்ந்து மாவு பிசைந்தார். கை பழக்கத்தில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார். எழுந்து மல்லம்மாவின் பலகைக்குப் போய்க் கையை நீட்டினார்.

"மல்லம்மா, இதைக் கொஞ்சம் பாரு."

மல்லம்மா உருட்டுவதை நிறுத்தவில்லை. "என் மூக்குக்கு என்ன தெரியும், யஜமானரே?"

மற்ற பதினோரு பேரும் சிரிப்பை அடக்கிக் குனிந்துகொண்டார்கள். சவரியப்பன் கையை எடுக்கவில்லை. நீட்டியபடியே நின்றார். வெகுநேரம் கழித்து மல்லம்மா கரிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

"எண்ணெய் போதாது" என்றாள்.

அவர் போய் எண்ணெய் ஊற்றினார்.