சிட்டு மேல் விழுந்த பழி

தாடிக்கொம்பு சாலையில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘பிலாட்டிஸ் பயிற்சி, தசை சிகிச்சை’ என்று பலகை மாட்டியிருப்பவள் தமிழ்மதி. சின்னாளபட்டிக்காரி. மதுரையில் பிசியோதெரபி படித்தவள். முதல் ஆறு மாதம் ஈ ஓட்டினாள். பாயில் படுத்து மூச்சை இழுத்து விடுவதற்கு ஒரு வாத்தியாரம்மாவா என்று ஊர் சிரித்தது.

அந்த நேரத்தில் இடுப்பு வலி என்று வந்தவர் சிவபிரகாஷ். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். வடமதுரைப் பக்கம் நாலு குதிரை வளர்க்கிறார். நாற்பதுக்கு மேல் சவாரி கற்றுக்கொண்டவர், அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வலி லேசாகக் குறைந்ததுமே, கூட சவாரி போகும் ஏழெட்டுப் பேரையும் அவளிடம் அனுப்பிவைத்தார். அவள் தொழில் காலூன்றியது அவர்களால்தான்.

குப்புறப் படுத்துக்கொண்டே அவர் பேசுவதெல்லாம் குதிரைப் பேச்சு.

“எங்க சிட்டு நேராவே போக மாட்டேங்குது மேடம். வலப்பக்கமே இழுக்குது. நெத்தியில இருக்கற முடிச்சுழி ஆகாத சுழின்னு தரகர் சொல்லிட்டாரு. நாலு போட்டாத்தான் அடங்குது.”

தமிழ்மதியின் கட்டைவிரல் அப்போது அவருடைய வலது இடுப்பில்தான் இருந்தது. பழைய பைக் விபத்தில் அடிபட்டு அங்கே தசை சுருங்கிக் கிடந்தது. உட்கார்ந்தால் எடை முழுவதும் வலப்பக்கம்தான் விழும். முதுகில் எடை விழும் பக்கம்தான் குதிரை போகும். சுழி பார்த்துக் குதிரை வாங்குகிற ஊரில் ஏறுகிறவர் இடுப்பை யார் பார்த்தார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெருமைக்கார மனுஷர், கோபித்துக்கொண்டு போய்விட்டால் கூட வருகிறவர்களும் போய்விடுவார்கள். இவர் இடுப்பை நேராக்கிவிட்டால் குதிரையும் நேராகிவிடும், பிறகு சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் வருஷக்கணக்காகச் சுருங்கிய தசை பத்து நாளில் இளகுமா? ஐந்தாவது வாரம் சிட்டை விற்றுவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் வழக்கம்போல அவர் இடுப்பை அழுத்தினாள்.

மூன்று மாதத்தில் இடுப்பு நேரானது. புதுக் குதிரை வாங்கிய சிவபிரகாஷ், அவளை வடமதுரைக்கே அழைத்துப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நண்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். குதிரை மைதானத்தில் நூல் பிடித்தாற்போல் போய் வந்தது.

“பாத்தீங்களா மேடம்? கோளாறு அந்தச் சனியன்கிட்டதான் இருந்துச்சு.”

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற குதிரைக்காரர் அப்துல் வாஹித் மட்டும் தட்டவில்லை. சிட்டைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர். சுழியாவது மண்ணாவது என்று முதலாளியிடமே சண்டை போட்டவர்.

“நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போல,” என்றார் மெதுவாக. “சுழி நெசந்தேன் போலருக்கு.”

தான் செய்த வைத்தியமே சிட்டுக்கு எதிரான சாட்சியாகிவிட்டதே! தமிழ்மதி எழுந்தாள். எல்லார் முன்னாலும் சொன்னாள்.

“சிட்டு மேல தப்பில்ல சார். உங்க இடுப்புதான் கோணலா இருந்துச்சு. நீங்க வலப்பக்கம் சாஞ்சீங்க, அது வலப்பக்கம் போச்சு. முதல் நாளே எனக்குத் தெரியும்.”

சிவபிரகாஷ் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. முகம் செத்துப்போய் ஃபோனை எடுத்துத் தரகரை அழைத்து, சிட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

“ஆகாத சுழின்னு சொல்லித்தானே வித்தீங்க,” என்றது தரகரின் குரல். “ஒருத்தரும் ரெண்டு வாரத்துக்கு மேல வச்சுக்கல. நாலு கை மாறிருச்சு. இப்ப எங்க கெடக்கோ.”

வாஹித் அவளிடம் வந்தார்.

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“சார் வராமப் போயிருவாருன்னு பயந்தேன்.”

“அது வாயில்லாத சீவன்மா,” என்றார் அவர். “உனக்கு இருந்துச்சுல்ல.”